மெஸ் வாசலில் ஒரு முத்திரை

ஜூன் 30, திங்கள்

இந்த டயரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். போன வருட டயரியை நேற்று எடுத்துப் பார்த்தேன். பாதிப் பக்கங்களில் "இன்று நல்ல நாள்" என்று இருக்கிறது. எது நல்லதாக இருந்தது என்று ஓர் இடத்திலும் இல்லை. அப்படி எழுதுவதற்கு டயரி எதற்கு?

என் பெயர் ரெனிலா. பதினொன்றாம் வகுப்பு. எங்கள் திருச்சபை நடத்தும் பெண்கள் விடுதியில் ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிறேன். ஜூலை முடியும் வரை நானும் அஜிலாவும் மெஸ் செக்ரட்டரிகள். பெரிய பதவி ஒன்றுமில்லை. தட்டுகளை எண்ண வேண்டும். ரசத்தில் உப்பு இல்லை என்று வார்டன் மிஸ்ஸிடம் போய்ச் சொல்ல வேண்டும். திட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

இன்று மெஸ் வாசலில் விரல்ரேகை மிஷின் மாட்டினார்கள். பெருவிரலை வைத்தால் பச்சையாக மின்னி, ஒரு பெண் குரல் "தேங்க்யூ" என்கிறது. எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சரியாகத் தெரிந்தால் சோறு மிஞ்சாதாம். மாட்ட வந்த அண்ணன் எல்லோருடைய விரலையும் பதிந்தார். விட்டுப்போனவர்களைப் பதிவதற்கு எனக்கும் அஜிலாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். அடுத்த திங்கள் முதல் விரல் வைக்காதவர்களுக்குத் தட்டு கிடையாது.

"இவ்வளவு வருசம் இந்தச் சோறத் தின்னிருக்கோம். ஆராவது ஒரு தேங்க்யூ சொன்னாவளா?" என்றாள் அஜிலா.

ஜூலை 2, புதன்

மழை. துணி காயவில்லை. ஈர யூனிபார்மை இஸ்திரி போட்டே காய வைத்தேன், ஒரு மாதிரி வாடை வருகிறது. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்.

சனிக்கிழமை புத்தகக் கூட்டத்தில் என் முறை. அதற்கு எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாரம் ஒருத்தி எழுந்து, தான் படித்த புத்தகத்தைச் சொல்ல வேண்டும். கதை முறுகி நிற்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முடிவைச் சொல்லவே கூடாது. சொன்னால் அடுத்த வருடம் வரை முறை கிடையாது. கேட்டவர்கள் புத்தகம் வேண்டுமென்றால் கரும்பலகையில் வரிசையாகப் பெயர் எழுதுவார்கள். இதுவரை அதிகபட்சம் பதினாறு பெயர். அது சமையல் புத்தகத்துக்கு விழுந்தது. சோறு சரியில்லாத விடுதியில் அப்படித்தான் இருக்கும்.

நான் எடுத்திருப்பது "சாட்சிகள் இல்லாத நகரம்". எங்கள் அலமாரியில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. கடலோரத்தில் ஒரு நகரம். வருடம் எதுவென்று சொல்லவில்லை, ஆனால் நமக்குப் பிறகு. ஆலயங்களையெல்லாம் அலுவலகங்களாக மாற்றிவிட்டார்கள். நெற்றியில் மையால் அமைதி முத்திரை குத்திக்கொண்டவர்களுக்குத்தான் ரேஷன். எங்கள் வேதத்தின், அதாவது பைபிளின், கடைசிப் புத்தகத்தில் மிருகத்தின் முத்திரை இல்லாதவர்கள் வாங்கவும் விற்கவும் முடியாது என்று வருகிறதே, அதை வைத்து எழுதியது. அப்பம் சுடுகிறவரின் மகள் ரோதைக்குப் பதினைந்து வயது. அவளுடைய அப்பா அடுப்பறைக்குப் பின்னால் ஆட்களை ஒளித்து வைத்திருக்கிறார். நான் இரண்டு முறை படித்துவிட்டேன். இரண்டாவது முறை, என்ன நடக்கும் என்று தெரிந்தும், கீழே வைக்க முடியவில்லை.

ஜூலை 5, சனி

இருபத்து மூன்று பெயர்.

நன்றாகச் சொன்னேன் என்று நானே எழுதக் கூடாது, ஆனால் நன்றாகத்தான் சொன்னேன். இது பேய்க் கதை இல்லை என்று முதலிலேயே சொன்னேன். பயமுறுத்துவதற்காக எழுதப்பட்டதும் இல்லை, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்" என்று கேட்கிற புத்தகம் என்றேன். பிறகு கதைக்குள் போனேன். ரேஷன் வரிசையில் ரோதை நிற்கிறாள். முன்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக முத்திரை வாங்கிக்கொண்டு ரொட்டியோடு போகிறார்கள். மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை. அவளுடைய தோழியே வந்து, "இதெல்லாம் சும்மா கணக்கெடுப்புதான், வைத்துவிட்டுச் சாப்பிடு" என்கிறாள். ரோதை கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். அங்கே நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கதையை அப்படியே சொன்னேன். கடைசி வரிசைக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக ஓரிரு இடங்களைக் கொஞ்சம் நமக்குத் தெரிந்த மாதிரி ஆக்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை. துவைப்பு. ஷாமிலி அக்கா பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வரிசையில் முதல் ஆளாகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மீதி இருபத்திரண்டு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 7, திங்கள்

மிஷின் இன்று முதல். காலையில் தள்ளுமுள்ளு. ஒவ்வொரு "தேங்க்யூ"வுக்கும் சின்னப் பிள்ளைகள் "வெல்கம்" சொன்னதில் இட்லி ஆறிப்போனது.

பதியாமல் விட்டுப்போனவர்கள் நான்கு பேர். மூன்று பேர் அன்று லீவு. நான்காவது ஏழாம் வகுப்புப் பெர்சியாள். பெர்சி என்று கூப்பிடுவோம். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளை. சத்தமே இருக்காது. அவளைக் கூப்பிட்டேன்.

"நான் வைக்க மாட்டேன்க்கா."

"ஏம்ட்டி?"

"நீங்கதான சொன்னிய. ரோதை வைக்கல்லயே."

அஜிலா சிரித்துவிட்டாள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இது வெறும் கணக்கெடுப்பு, எத்தனை தட்டு என்று பார்ப்பதற்கு என்றேன்.

"அந்த ஊர்லயும் அப்படித்தான சொல்லிருக்காவ" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடாமலே வகுப்புக்குப் போனாள்.

ஒருத்தி ஒரு கதையைக் கேட்டு அதன்படி நடக்கிறாள். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு அவளுடைய இட்லி தட்டில் இருப்பதைப் பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பெர்சியோடு இன்னும் இரண்டு பேர் விரல் வைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குள் ஐந்து பேர். மற்ற பிள்ளைகள் சப்பாத்தியைப் பாவாடைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். மெஸ் செக்ரட்டரி என்ற முறையில் நான் அதைத் தடுக்க வேண்டும். நானும் இரண்டு கொடுத்தேன்.

கணக்குத் தேர்வில் நாற்பத்தொன்று. ஐம்பதுக்கு.

ஜூலை 9, புதன்

பதினொரு பேர்.

வார்டன் மிஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். மிஸ் கத்துகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால்தான் நமக்குப் பயம் வரும். துடைத்தார்கள்.

"எம்மா ரெனிலா, பதினொரு பிள்ளைங்க மிஷின் மிருகத்துக்க முத்திரைன்னு சொல்லுதுங்க. எங்கேர்ந்து வந்துது இது?"

"ஒரு புத்தகம் மிஸ்."

"புத்தகம் அலமாரில இருக்கும். அது நடந்து வந்து பிள்ளைங்க காதுல சொல்லாது."

சாப்பிடாத பிள்ளைகளைத் தன் மேசையிலேயே உட்கார வைத்துச் சாப்பிட வைத்துவிட்டதாக மிஸ் சொன்னார்கள். யாரையும் பட்டினி போடுவதற்கு இந்த மிஷினை வாங்கவில்லை. ஆனால் இதை இப்படியே விட முடியாது. இன்று பதினொன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐம்பது ஆகும். பெற்றோர்கள் வருவார்கள், கமிட்டி வரும். ஆரம்பித்தவள் பெர்சி. அவள் விரல் வைத்தால் மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். வைக்கவில்லை என்றால் சனிக்கிழமை அவளுடைய அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று போன் செய்தாயிற்று.

"கூட்டிட்டுப் போனா எங்க படிப்பா மிஸ்?"

"அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கியா?" என்றார்கள் மிஸ். "வீட்டுக்குப் போன பிள்ளைய அந்த அம்மா திருப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாளா என்னன்னு எனக்கும் சந்தேகம்தான். நீ கதை சொன்னவதான? நீயே சொல்லிச் சரியாக்கு. சனிக்கிழமை வரை பாக்கேன்."

ஜூலை 10, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும். ஐந்தாம் தேதி எழுதியதில் ஒன்று சரியில்லை.

புத்தகத்தில் மிஷின் கிடையாது. நெற்றியில் மையால் குத்துகிற முத்திரைதான். பெருவிரல், பச்சையாக மின்னுவது, நன்றி சொல்லும் பெண் குரல் எல்லாம் நான் சேர்த்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது. மெஸ் வாசலைக் காட்டி, "இதோ, அந்த மாதிரி" என்று கையை நீட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில்தான் ஏழு எட்டுப் பெயர் விழுந்திருக்கும்.

விட்டதும் ஒன்று உண்டு. முத்திரை குத்துவதற்கு முன்னால் அங்கே ஒரு சத்தியம் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து, "இவரை எனக்குத் தெரியாது, இவர் நம்புகிறதை நான் நம்பவில்லை" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ரோதை மறுப்பது அதைத்தான். மையை அல்ல. சத்தியம் ஒன்றரைப் பக்கம் வருகிறது, சொன்னால் வேகம் குறையும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் துவைக்கிற கல் பக்கத்தில் பெர்சியைப் பிடித்து இவ்வளவையும் சொன்னேன். அவள் சாக்ஸைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.

"மிஸ் சொல்லச் சொன்னாவளாக்கா?"

"இல்லட்டி. நெசமாத்தான். நான் இட்டுக்கட்டினது."

"ரோதைக்க கூட்டுக்காரியும் இப்படித்தான வந்து சொன்னா."

அந்தத் தோழி பேசுகிற இடத்தை நான் குரலை மாற்றி வேறு சொல்லியிருந்தேன்.

அஜிலாவிடம் சொன்னேன். "ஒரு சீரியல் டைரக்டர் ஆயிருக்க வேண்டியவ நீ" என்றாள். பிறகு, "புத்தகத்த அவ கையில குடு. அச்சுல இருந்தா நம்புவா" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

ஷாமிலி அக்கா புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன் என்றாள். இன்னும் நாற்பது பக்கம்தான் இருக்கிறதாம். ஒரு வாரம் அவளுடைய பக்கெட்டில் நான் தண்ணீர் பிடித்து வைப்பதாக ஒத்துக்கொண்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு மெஸ்ஸில் யாரும் இருக்க மாட்டார்கள். பெர்சியைக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். வரிசைக் காட்சியை முதல் எழுத்திலிருந்து படித்தேன். சத்தியத்தையும் படித்தேன். ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. படித்து முடித்துப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

"நம்பல்லியா?"

"நம்பினேன்க்கா."

"பின்ன வை. மிஷின் சும்மா கணக்குக்குத்தான்."

அவள் அசையவில்லை. நாளைக்கு அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனால் எட்டாம் வகுப்புக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். அப்போது அவள் வலது கையை மேசையில் மல்லாக்க வைத்தாள்.

பெருவிரலில் ரேகையே இல்லை. அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோன தாள் மாதிரி வழவழவென்று இருந்தது. ஓரங்களில் கறுப்புக் கறுப்பாகக் கறை.

"அந்த அண்ணன் மூணு மட்டம் வச்சுப் பாத்தாவ. வரல்ல. பொறவு வான்னு சொன்னாவ. நான் போகல்ல."

பெர்சியின் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிற வேலை செய்கிறார்கள். மே மாதம் முழுவதும் பெர்சியும் கூடப் போயிருக்கிறாள். மாதக் கடைசி லீவுக்கும் போனாள். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் விரலைச் சுட்டுவிடும்.

"ஏம் விரல் பதியல்லன்னு மிஸ் கேப்பாவ. பள்ளிக்கூடப் பிள்ள வேலைக்கி வந்தான்னு தெரிஞ்சா அம்மைய நிறுத்திருவாவ. எனக்க கூட வந்த வேற பிள்ளையளும் மாட்டும். நீங்க ரோதை கதை சொன்னிய. நான் அதச் சொன்னேன். ஆரும் கைய நீட்டச் சொல்லல்ல."

நான் எதிர்பார்த்தது வேறு. ஐந்து நாளாக ஒரு பிள்ளை என் கதையால் இப்படி நிற்கிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். மற்றப் பத்துப் பேரும் என் கதையால்தான் நிற்கிறார்கள். பெர்சி அப்படி இல்லை. தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

பதிகிற வேலை எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிஷினில் எந்த விரலையும் பதியலாம். பெருவிரல் என்பது அந்த அண்ணனின் பழக்கம். வலது கையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஐந்தும் சிவப்பு. இடது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொட்டையைப் பிடிக்கிற விரல்கள், அவையும் சிவப்பு. நடுவிரல் ஒரு முறை பச்சையாகி மறுமுறை சிவந்தது. மோதிர விரலும் அப்படித்தான். சுண்டுவிரலை வைத்தாள். ஆளில்லாத மெஸ்ஸில் "தேங்க்யூ" பெரிதாகக் கேட்டது. மூன்று முறை வைத்துப் பார்த்தோம். மூன்று முறையும் கேட்டது.

"எல்லாரும் கேப்பாவ, ஏன் இடது சுண்டுவிரல்னு" என்றாள் பெர்சி. முகம் மறுபடி சுருங்கிவிட்டது.

யோசித்தேன். வேதத்தில் மிருகத்தின் முத்திரையைப் பற்றிச் சொல்லியிருப்பது வலது கையும் நெற்றியும்தான். இடது கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இடது கைன்னா உனக்குச் சம்மதமாட்டி?"

"சம்மதம்க்கா."

மிஸ்ஸிடம் போய், பெர்சி விரல் வைக்கிறாள், ஆனால் வலது கையை வைக்க மாட்டாள், வேதத்தில் வலது கை என்று இருப்பதால் இடது கைக்குத்தான் சம்மதம் என்கிறாள் என்று சொன்னேன். அவள் சம்மதம் என்றது உண்மை. வேதத்தில் அப்படி இருப்பதும் உண்மை. மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்கள், ஆனால் துடைக்கவில்லை.

"மிஷினுக்கு வலதுன்னு இடதுன்னு தெரியுமா?"

"தெரியாது மிஸ்."

"எனக்கும் தெரிய வேண்டாம். கால் விரல வச்சாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கணக்கு வந்தாப் போதும்" என்றார்கள். அப்புறம், "புத்தகம் என் அறைக்கு வரணும். இந்த வருசம் முழுக்க உனக்குப் புத்தகக் கூட்டத்துல பேச்சு கிடையாது. நாளைக்கு எழுந்து, நீ என்னத்தச் சேத்துச் சொன்னியோ அத எல்லாருக்கும் சொல்லிட்டு உக்காரணும்" என்றார்கள்.

சரி என்றேன். பெர்சியின் விரலைப் பற்றிச் சொல்லியிருந்தால் மிஸ் என்னை இவ்வளவு தண்டித்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 12, சனி

பெர்சியின் அம்மா காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார்கள். வெள்ளைப் பை ஒன்று, அதற்குள் மடித்த இன்னொரு பை. துணிகளை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே மிஸ்ஸிடம் பேசினார்கள்.

"இனி ஒண்ணும் இல்லம்மா. உங்க பொண்ணு பெரிய வேத பண்டிதை. வலது கை ஆகாதாம், இடது கை ஆகுமாம்" என்றார்கள் மிஸ்.

அம்மா பெர்சியைப் பார்த்தார்கள். பெர்சி மிஷினில் இடது சுண்டுவிரலை வைத்தாள். "தேங்க்யூ."

"இங்க படிக்கட்டும் மிஸ்ஸம்மா" என்றார்கள் அம்மா. "இனி லீவுக்கும் இங்கயே நிக்கட்டும். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

லீவுக்கு ஏன் என்று மிஸ் கேட்டார்கள். படிப்பு இருக்கிறதே என்றார்கள் அம்மா. போகும்போது என் பக்கத்தில் நின்று, "கதை சொன்ன பிள்ள நீதானா மக்களே? நல்லாருப்ப" என்றார்கள். கை வெளியே வரவில்லை.

சாயங்காலம் புத்தகக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். மிஷின் நான் சேர்த்தது, சத்தியம் நான் விட்டது என்று சொன்னேன். சின்னப் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுப் பயந்தது என் தவறு என்றேன். இவ்வளவு செய்தும் அது நல்ல புத்தகம்தான், நான் சொன்னதைவிட நல்ல புத்தகம் என்றேன். அதைச் சொல்ல அனுமதி வாங்கவில்லை.

"அப்ப அந்தத் தேங்க்யூ?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

"அதுவும் நான்தான்."

"அதுதான் நல்லாருந்து" என்றாள் அஜிலா. எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஒருத்தி "புளுகி" என்றதும் காதில் விழுந்தது. ஷாமிலி அக்கா எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைத்தாள். இருபத்து மூன்று பெயரும் போயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்குப் பதினொரு பேரும் விரல் வைத்தார்கள். அவர்களில் நான்கு பேர் இடது கை, அதை நான்தான் புதிதாகப் பதிந்துகொடுத்தேன். "இன்னும் ஏம்ட்டி இடது?" என்று பெர்சியை யாரோ கேட்டார்கள்.

"பழகிப் போச்சு" என்றாள் பெர்சி. பழகுவதற்கு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஷாமிலி அக்காவுக்குத் தண்ணீர் பிடித்தேன். வேதியியல் செய்முறை. ஒன்றும் விசேஷம் இல்லை.

ஜூலை 16, புதன்

மரச்சீனி, மீன்குழம்பு. பெர்சி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

மெஸ் கணக்கைக் கொடுக்க மிஸ்ஸின் அறைக்குப் போனேன். மிஸ் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நான் திரும்பினேன்.

"எம்மா, நில்லு. அந்த அப்பம் சுடுதவரு இருக்காரில்லா, ரோதைக்க அப்பா. அவரு பிழைப்பாரா?"

மேசையில் "சாட்சிகள் இல்லாத நகரம்" கவிழ்த்து வைத்திருந்தது. முக்கால்வாசி தாண்டியிருந்தது.

"முடிவச் சொல்லக் கூடாது மிஸ்" என்றேன்.

"நான் வார்டன்."

"எல்லாருக்கும் அதே சட்டம்தான் மிஸ்."

மிஸ் என்னையே பார்த்தார்கள். பிறகு, "போ, போய்ப் படி" என்றார்கள்.

படிப்பு நேரம் முடிய இன்னும் இருக்கிறது. இயற்பியலில் இரண்டு கணக்கு பாக்கி. மிஸ் இப்போதே வராந்தாவில் வந்து, இன்றைக்கு எல்லோரும் சீக்கிரம் படுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் அறை விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள். மிஸ்ஸின் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுவதில்தான் இதை எழுதுகிறேன்.